கடற்பாசி வளர்ப்பும் கரையோர உயிர்ச்சூழலும்: இரு கடல்கள் தரும் பாடங்கள்

உலகக் கடல்களிலிருந்து 2019ஆம் ஆண்டில் கரையேறிய கடற்பாசியின் ஈர எடை ஏறத்தாழ 3.58 கோடி டன். அதில் 97 விழுக்காடு மனிதர் வளர்த்து எடுத்தது. பாதிக்கு மேல் சீனாவிலும், அடுத்தபடியாக இந்தோனேசியாவிலும் விளைந்தது. இந்தப் பயிருக்கு உழுநிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரமும் பூச்சிமருந்தும் வேண்டாம். அரசுகளும் நிறுவனங்களும் இதை விரும்புவதற்கு இதுவே காரணம். இந்திய அரசு 2020இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்கு மட்டும் 640 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஐந்தாண்டுகளில் 11 லட்சம் டன்னுக்கு மேல் விளைவிப்பதை இலக்காக வைத்தது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பணமும் நம்பிக்கையும் ஒரு பயிரின்மேல் குவியும்போது, சூழலியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியை நாமும் கேட்க வேண்டும். பாசி வளர்ப்பு கரையோரக் கடலுக்கு நன்மையா, தீங்கா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எந்த இனத்தை வளர்க்கிறோம், தெப்பத்துக்கு அடியில் என்ன தரை இருக்கிறது, எவ்வளவு நெருக்கமாக வளர்க்கிறோம் ஆகிய மூன்றுமே விடையைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றையும் சொல்லாமல் "பாசி வளர்ப்பு நல்லது" என்றோ "கெட்டது" என்றோ சொல்வது வெறும் பேச்சு.

பயிரான வரலாறு

கடற்பாசியைச் சேகரித்து உண்பது பழைய வழக்கம். அதை நம்பிக்கையோடு பயிரிடும் அறிவு பிந்தியே வந்தது. ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசி கோடையில் எங்கே போகிறது என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. கோடையில் அது சிப்பி ஓட்டுக்குள் நுண்ணிழைகளாக வாழ்கிறது என்பதை 1949இல் கண்டுசொன்னவர் பிரிட்டனின் பாசியியலாளர் கேத்லின் ட்ரூ-பேக்கர். அதன்பிறகே ஜப்பானின் நோரித் தொழில் உறுதியான அடித்தளம் பெற்றது. அந்த நன்றிக்கு உத்தோ நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அவருக்கு விழா எடுக்கிறார்கள்.

வெப்பக்கடல்களில் இதேபோன்ற திருப்பத்தை உண்டாக்கியது கப்பாபைகஸ் அல்வரேசி என்ற சிவப்புப் பாசி. ஐஸ்கிரீம், பற்பசை, பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜினன் இதிலிருந்து கிடைக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி 1960களின் இறுதியில் பிலிப்பைன்சில் தொடங்கிய முயற்சிகளால் இது பெரும் பயிரானது. துண்டைக் கயிற்றில் கட்டினால் போதும், விதையோ வித்தோ இல்லாமல் வளரும். இந்த எளிமையே அதன் வெற்றிக்குக் காரணம். பின்னால் வந்த தொல்லைகள் பலவற்றுக்கும் அதுவே காரணம்.

பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. குஜராத்தின் ஓகாவில் சோதித்த பிறகு 1990களில் மண்டபம் கடலுக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வணிக வளர்ப்பைத் தொடங்கியது. இராமநாதபுரம் கரையில் இன்றும் பலர் இதைப் "பெப்சி பாசி" என்றே சொல்கிறார்கள். அந்நிறுவனம் 2008இல் விலகியபின் வேறு நிறுவனங்கள் தொடர்ந்தன. 2001இல் சில பத்து டன்னாக இருந்த உலர்பாசி விளைச்சல் 2012–13இல் சுமார் 1,490 டன்னை எட்டியது. இலங்கையின் வடகரையிலும் இதே பாசி பின்னர் பயிராகியது.

ஆண் கடல், பெண் கடல்

இராமேசுவரம் பகுதி மீனவர்கள் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கேயுள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது அலை மிகுந்தது. பின்னது ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள். பாக் விரிகுடாவின் தரையில் பரந்த கடற்புல் வெளிகள். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக, அதாவது கடல்பசுவுக்காக, தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

இந்தக் கடல்களுக்குப் பாசி புதிதல்ல. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி பறித்துவருகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து உள்ளே போய், மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயர்சொல்லிப் பிரித்தெடுப்பவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தொழிலுக்குப் போகின்றன. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கு. கட்டக்கோரை ஆல்ஜினேட் தயாரிப்புக்கு. தேசியப் பூங்கா வந்தபின் தீவுக்கடல் அவர்களுக்கு மறுக்கப்பட்டது; வனத்துறையோடு மோதலும் நீடித்தது. பின்னர் பெண்கள் தாமே கூடிப் பேசி, பறிக்கும் நாட்களைக் குறைத்து, வளர்ச்சிக் காலத்தில் இடைவெளி விடும் கட்டுப்பாட்டை ஏற்றார்கள். இந்த முயற்சியில் முன்னின்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுச் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது.

வளர்ப்பு வந்தால் இயற்கைப் பாசி பறிப்பது குறையும், பார்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். கப்பாபைகஸ் தருவது கராஜினன். மரிக்கொழுந்து தருவது அகர். ஒன்றின் சந்தையை மற்றொன்று நிரப்பாது. அகருக்குத் தேவை இருக்கும்வரை மரிக்கொழுந்துக்கு விலை இருக்கும். விலை இருக்கும்வரை பறிப்பவரும் இருப்பர். வளர்ப்பு வேலை சில பெண்களைத் தெப்பத்தின் பக்கம் ஈர்க்கும் அளவுக்கே பாருக்கு நிம்மதி. பறிப்பதைக் குறைக்க வேண்டுமென்றால் பறிக்கப்படும் அதே இனங்களை வளர்த்தாக வேண்டும்.

தெப்பத்தின் கணக்கு

பாக் விரிகுடாவில் வழக்கமான தெப்பம் 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் இருபது கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் கைப்பிடி அளவு பாசித் துண்டுகள் கட்டப்படும். ஒரு தெப்பத்துக்கு ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசி. ஓரா மீன்கள் கடித்துத் தின்னாமலிருக்க அடியில் வலை கட்டுவார்கள். நங்கூரமிட்டு விட்டால் 45 நாளில் அறுவடை; நல்ல பருவத்தில் 200 கிலோவைத் தாண்டும். அடுத்த சுற்றுக்கான விதையை எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயவைத்தால் பத்துக் கிலோ ஈரப்பாசி ஒரு கிலோவாகும். ஒருவருக்கு 45 தெப்பம் இருந்தால் நாளுக்கு ஒரு தெப்பம் வீதம் ஆண்டு முழுவதும் வேலை என்பது திட்டம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள் இந்தத் திட்டத்தைக் கலைத்துவிடும்.

சூழலியலாளரின் கண்ணுக்கு இதே தெப்பம் வேறு கணக்காகத் தெரியும். அடியில் ஒளி எவ்வளவு குறைகிறது? நீரோட்டம் எவ்வளவு தணிகிறது? நைட்ரசனும் பாசுபரசும் எவ்வளவு வெளியேறுகின்றன? எந்த மீன்குஞ்சுகள் வந்து ஒதுங்குகின்றன? அறுந்த துண்டுகள் எங்கே போகின்றன? தெப்பத்துக்கு அடியிலும், தெப்பமில்லாத அதே ஆழத்துத் தரையிலும் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள புல்லின் தண்டுகளையும் சிப்பி, நண்டு, புழுக்களையும் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்பிடுவதே இந்த ஆய்வின் அடிப்படை வேலை. இந்த ஒப்பீடு இல்லாத எந்த உறுதிமொழியையும் ஏற்க முடியாது.

கிடைக்கும் நன்மைகள்

நன்மைகள் கற்பனை அல்ல. பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் சத்துகளை உண்டே வளர்கிறது. அறுவடை செய்யும்போது அந்தச் சத்தும் கரையேறிவிடுகிறது. சீனக் கரையோரப் பாசிப் பண்ணைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 டன் நைட்ரசனையும் 9,500 டன் பாசுபரசையும் கடலிலிருந்து நீக்குகின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு கணித்தது. உரக்கழிவும் சாக்கடையும் வந்துசேரும் விரிகுடாக்களில் இது பெரிய தொண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் பாக் விரிகுடாவில் கடல்விரால் கூண்டுகளைச் சுற்றிப் பாசித் தெப்பங்களை அமைத்துக் காட்டியதும் இந்த அடிப்படையில்தான். மீனின் கழிவு பாசிக்கு உரமாகிறது. தெப்பத்தின் விளைச்சலும் கூடுகிறது.

தெப்பங்களும் கயிறுகளும் சிறு மீன்களுக்கும் இறால் இனங்களுக்கும் ஒதுங்கிடமாகின்றன என்றும் பல கடல்களில் பதிவாகியுள்ளது. முன்பு வெறும் மணலாக இருந்த இடத்தில் இது கூடுதல் வாழிடம்தான். ஆனால் ஏற்கெனவே புல்வெளியோ பாரோ இருந்த இடத்தில், இருந்த வாழிடத்தை இழந்து புதியதைப் பெறுகிறோம். அந்த மாற்றத்தில் இலாபம் அரிது. சத்து நீக்கமும் அப்படித்தான். சத்து மிகுந்த நீரில் அது மருந்து. சத்துக் குறைந்த தெளிநீரில் புல்லும் பாசியும் ஒரே உணவுக்குப் போட்டியிட நேரும்.

கடற்புல் மேல் விழும் நிழல்

இந்த இழப்பைத் தெளிவாகக் காட்டியவை தான்சானியாவின் சான்சிபாரில் நடந்த ஆய்வுகள். அங்கு 1989 முதல் பெண்கள் பெருமளவில் பாசி வளர்க்கிறார்கள். ஆழமற்ற தரையில் குச்சிகளை நட்டு, இடையே கயிறு கட்டி வளர்ப்பது அவர்கள் முறை. சுவாக்கா விரிகுடாவில் யோகான் எக்லோஃபும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பண்ணைக்கு அடியிலிருந்த கடற்புல் பண்ணையில்லாத இடத்தைவிடக் குறைவாக இருந்தது. தரைவாழ் சிற்றுயிர்களின் எண்ணிக்கையும் எடையும் குறைந்திருந்தன. வண்டலில் கரிமப் பொருளும் குறைந்திருந்தது. நிழல், நாள்தோறும் மிதிபடுதல், குச்சி நடுவதற்காகப் புல்லைப் பிடுங்குதல் எல்லாம் சேர்ந்த விளைவு இது.

நம் பாக் விரிகுடாத் தெப்பம் மிதப்பதால் மிதிபடுதல் குறைவு, நிழல் குறைவதில்லை. நங்கூரக் கயிறு தரையை உரசும். கட்டுவதற்குப் பயன்படும் நெகிழி இழைகள் அறுந்து கடலில் சேரும். ஒரு தெப்பத்தின் நிழல் பொருட்படுத்தத் தக்கதல்ல. பல நூறு தெப்பங்கள் ஒரே இடத்தில் நிரந்தரமாக நிற்கும்போது நிலைமை மாறும். ஆவுளியாவுக்காகப் பாதுகாப்பகம் அறிவித்த மாநிலம், அதன் மேய்ச்சல் நிலத்துக்கு மேலேயே தெப்பத்தை நிறுத்தக் கூடாது.

குருசடையில் படர்ந்தது

அயலினம் தப்பிப் பரவுவது இதைவிடக் கடுமையான சிக்கல். டோட்டி 1974இல் கப்பாபைகசை ஹவாயின் கனியோகே விரிகுடாவுக்குக் கொண்டுவந்தார். ஆழமான நீரைக் கடந்து அது பரவாது என்பது ஆரம்பகால ஆய்வின் முடிவு. 1996 வாக்கில் அது ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பரவிப் பவளங்களைப் போர்த்தியிருந்தது. பின்னர் பாசியை உறிஞ்சி எடுக்கும் படகுப் பொறியையும், பொரிப்பகத்தில் வளர்த்த கடல் முள்ளெலிகளையும் இறக்கிக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

நம்மிடமும் இதே கதை தொடர்ந்தது. பாம்பனுக்குத் தெற்கே உள்ள குருசடைத் தீவு கடல் உயிரியலுக்குப் புகழ்பெற்ற இடம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். சந்திரசேகரனும் சக ஆய்வாளர்களும் அத்தீவின் கிளைப் பவளங்கள் மேல் கப்பாபைகஸ் படர்ந்திருப்பதை 2008இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தார்கள். பாசி பவளத்தின் கிளைகளுக்கிடையே பற்றிக்கொண்டு தடித்த பாயாகப் படர்கிறது. ஒளி கிடைக்காத பவளத்தின் உடலில் வாழும் நுண்பாசிகள் உணவு தயாரிக்க முடியாமல் போகின்றன. பவளம் மெல்ல இறக்கிறது. கையால் பிய்த்தெடுத்தால் பாறையிடுக்கில் மிஞ்சும் சிறு துண்டே மீண்டும் தழைக்கிறது. பயிருக்கு வரமாக இருந்த அதே பண்பு பாருக்குச் சாபமானது.

இந்தக் கண்டறிதலை மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் மறுத்தார்கள். படர்ந்த பரப்பு பாரின் மொத்தப் பரப்பில் மிகச் சிறியது, வித்துகள் மூலம் பரவும் ஆற்றல் குறைவு, மேயும் மீன்கள் கட்டுப்படுத்தும் என்பது அவர்கள் 2010இல் முன்வைத்த வாதம். ஆனால் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிந்தைய ஆய்வுகள் சிங்கில், பூமரிச்சான், முல்லித் தீவுகள் வரை பரவலைக் காட்டின. வனத்துறை ஆட்களை இறக்கிப் பாசியை அகற்றும் வேலையைத் தொடர வேண்டியிருந்தது.

இரு தரப்பையும் படித்தால் ஒன்று புரிகிறது. பரப்பு சிறியது என்ற வாதம் அந்த ஆண்டைப் பற்றியது. பரவல் என்பதோ காலத்தைப் பற்றியது. கனியோகேயிலும் முதல் ஆண்டுகளில் பரப்பு சிறியதுதான். மேலும், மன்னார் வளைகுடாப் பார்கள் முன்பே நொந்தவை. நெடுங்காலம் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டது. 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் பவளங்கள் வெளிறி மடிந்தன. நோயுற்ற உடலில் சிறு காயமும் ஆறாது. அப்படித்தான் இந்தப் பார்களும். தமிழ்நாடு அரசு 2005இலேயே தேசியப் பூங்காவை ஒட்டிய கடலை விலக்கி, பாக் விரிகுடாவிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் இந்தப் பாசிக்கு இடம் தந்தது சரியான முடிவு. ஆனால் பாம்பன் கால்வாய் இரு கடல்களையும் இணைக்கிறது. வரைபடக் கோடு மிதக்கும் துண்டைத் தடுக்காது.

பாசிப் பண்ணையின் துணைவிளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீனாவின் சிங்தாவ் சாட்சி. ஜியாங்சு கரையில் நோரி வளர்க்கும் கயிறுகளில் ஒட்டி வளர்ந்த பச்சைப் பாசி அறுந்து மஞ்சள் கடலில் பெருகி, 2008இல் ஒலிம்பிக் படகுப் போட்டிக்கு முன்பு சிங்தாவ் கரையை மூடியது. சுமார் 10 லட்சம் டன் பாசியை அள்ள வேண்டியிருந்தது. அங்கே பரவியது பயிர்கூட இல்லை. பயிரோடு சேர்ந்து வளர்ந்த களை.

ஒரே விதையின் பலவீனம்

உலகின் பல கடல்களில் வளரும் கப்பாபைகஸ் துண்டிலிருந்து துண்டாகப் பெருக்கப்பட்டது. பெரும்பாலும் ஒரே மரபு வழியைச் சேர்ந்தது. மரபு வேற்றுமை இல்லாத பயிர் ஒரே நோயில் மொத்தமாக விழும். "ஐஸ்-ஐஸ்" எனப்படும் நோயில் கிளைகள் வெளுத்து, மிருதுவாகி, ஒடிந்துவிடும். நீர் சூடாகும்போதும் உப்புச் செறிவு மாறும்போதும் பாசி தளர்ந்து, நுண்ணுயிர்கள் தாக்குகின்றன. சான்சிபாரில் கரையோர நீர் சூடானதால் நல்ல விலை பெறும் இனம் பல இடங்களில் விளையாமல் போனது. ஆழமான நீரில் வளர்க்கும் முறைகளை அங்கே பெண்களோடு சேர்ந்து ஃபிளவர் எம்சுயா போன்ற ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள்.

பாக் விரிகுடாவிலும் 2013க்குப் பின் தெப்பங்களில் பாசி பெருமளவில் அழுகி மடிந்தது. 1,490 டன் என்ற உச்சம் சில ஆண்டுகளில் பல மடங்கு சரிந்தது. கடன் வாங்கித் தெப்பம் கட்டிய குடும்பங்கள் மீண்டும் தீவுக் கடலுக்கும் கூலிவேலைக்கும் திரும்பின. சூழல் இழப்பும் வாழ்வாதார இழப்பும் இங்கே ஒரே வேரிலிருந்து வருகின்றன. புதிய விதையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு ஒன்றிய மீன்வளத்துறை 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தனிமைப்படுத்திச் சோதிப்பதை அது வலியுறுத்துகிறது. தேவையான நெறி இது. இறக்குமதிக்கு அவசரப்படாமல் கடைப்பிடிக்க வேண்டியதும்கூட.

கரிமக் கணக்கு

பாசி வளர்த்தால் புவி வெப்பமாதல் குறையும் என்ற விளம்பரம் இப்போது அதிகம். இயற்கைப் பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 17.3 கோடி டன் கரிமத்தைக் கடலடியில் சேர்க்கின்றன என்று கிராவுசே-யென்சனும் துவார்த்தேயும் 2016இல் மதிப்பிட்டார்கள். அவர்கள் தந்த வரம்பே 6.1 முதல் 26.8 கோடி டன் வரை விரிந்தது. பண்ணைப் பாசியின் கதை வேறு. 45 நாளில் அறுத்து, காயவைத்து, கராஜினனாக்கி உண்டுவிட்டால் உறிஞ்சிய கரிமம் விரைவில் காற்றுக்கே திரும்பும். மிஞ்சுவது, வளரும்போது உதிர்ந்து அடியில் புதையும் பகுதி மட்டும். பல நாடுகளின் 20 பண்ணைகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு அந்தப் புதைவை ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் கரியமில வாயுவுக்குச் சற்றுக் குறைவாகக் கணித்தது. வண்டல் படியும் அமைதியான இடங்களிலும் பழைய பண்ணைகளிலும் இது கூடுதல். கடற்புல் வெளியை அழித்து இதைப் பெறுவது கையிருப்பைக் கொடுத்துக் கடன் வாங்குவது. புல்வெளியின் மண்ணில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரிமம் இருக்கிறது. பாசி வளர்ப்பை உணவுக்காகவும் தொழிலுக்காகவும் ஆதரிக்கலாம். கரிமச் சான்றிதழ் விற்பதற்காக ஆதரிக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியவை

ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாசி வளர்ப்பைக் கைவிடச் சொல்ல நியாயமில்லை. இலக்கு டன்னை முதலில் வைத்து இடத்தைப் பின்னால் தேடும் முறையைத்தான் கைவிட வேண்டும். தெப்பம் இறங்கும் முன் கடற்புல்லும் பாரும் எங்கே உள்ளன என்ற வரைபடம் ஊராட்சி மன்றங்களிலும் மீனவர் சங்கங்களிலும் தமிழில் இருக்க வேண்டும். மணல் தரையில், நீரோட்டம் நல்ல இடத்தில், இடைவெளி விட்டு, சுழற்சி முறையில் தெப்பம் நிற்க வேண்டும். பண்ணை உள்ள இடமும் இல்லாத இடமும் ஒவ்வோர் ஆண்டும் அளக்கப்பட்டு, கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும். கஞ்சிப்பாசி போன்ற நம் கடலின் சொந்த இனங்களை வளர்க்கும் நுட்பத்துக்கு ஆராய்ச்சிப் பணம் முதலில் போக வேண்டும். அவை தப்பினாலும் கடலுக்கு அந்நியமல்ல. மரிக்கொழுந்துப் பாருக்கும் உண்மையான ஓய்வு கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்களுக்குத் திட்டக்குழுவில் இடம் வேண்டும். எந்தப் பாரில் எந்தப் பாசி எந்த மாதத்தில் தழைக்கிறது, எங்கே புதிய பாசி படர்கிறது என்பதைக் கருவிகளுக்கு முன்பே காண்பவர்கள் அவர்கள். அவர்களுடைய கையில் பதிவேட்டைக் கொடுங்கள். அந்தப் பதிவுக்கு ஊதியமும் கொடுங்கள். வளர்ப்பு அனுமதி பெறுவோர் பட்டியலில் அவர்களின் பெயர் முதலில் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் பார்களையும் பாக் விரிகுடாவின் புல்வெளிகளையும் காக்கும் பாசி வளர்ப்பு இந்த நிபந்தனைகளோடு மட்டுமே சாத்தியம்.